கத்திரி வெயிலில் ஒரு ட்ரெபிள் பூஸ்டர்

பயிற்சி தொடங்கி இருபது நிமிடம்கூட ஆகவில்லை. கிட்டாரின் ஒலி மெல்ல மெல்ல மெலிந்தது. ஒவ்வொரு சுரத்தின் வாலும் கிழிந்த துணி போலப் பிசிறடித்து, பிறகு பாதியிலேயே அறுந்தது. கத்திரி தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. திருவான்மியூரில் நாங்கள் வாசிக்கும் மொட்டை மாடி அறைக்குள் 39 டிகிரி. கிட்டாரை வேறொரு கேபிளில் மாட்டினேன், அதே பிசிறு. ஒலியைப் பெருக்கும் ஆம்பில் நேரடியாக மாட்டினேன். முழு ஒலி திரும்பி வந்தது. ஆம்பின் மேல் வைத்திருந்த அலுமினியப் பெட்டியைத் தொட்டபோது விரல் சுட்டது. இரண்டு மாதம் மாலைகளைச் செலவழித்து நான் செய்த ட்ரெபிள் பூஸ்டர் அது, கிட்டாரின் உச்சத் தொனியைப் பெருக்கி ஆம்புக்குத் தரும் சிறு கருவி.

இதைச் செய்ய ஆசை வந்தது ப்ளூஸ் ராக் கிட்டார் கலைஞர் ரோரி கல்லகரால். அயர்லாந்தின் கார்க் நகரில் வளர்ந்த அவர் 1963ல் அங்கே ஒரு கடையில் 100 பவுண்டுக்கு வாங்கிய 1961ஆம் ஆண்டு ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரைச் சாகும்வரை வாசித்தார். வியர்வையில் அந்தக் கிட்டாரின் வண்ணப்பூச்சு உரிந்து வெற்று மரம் தெரிந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை துருப்பிடித்த கம்பிகளை மாற்றும் கடற்கரைவாசியான எனக்கு அந்தக் கிட்டாரின் படத்தைப் பார்த்தாலே நெருக்கம் தோன்றும். தன் ‘டேஸ்ட்’ குழுவோடு 1970ல் இங்கிலாந்தின் வைட் தீவு இசை விழாவில் வாசித்தபோது அவரிடம் இருந்தவை மிகக் குறைவு: அந்தக் கிட்டார், ஒரு வாக்ஸ் ஏசி30 ஆம்ப், இரண்டுக்கும் நடுவே டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற சிறு பெட்டி. பின்னாளில் ‘குயீன்’ குழுவின் கிட்டார் கலைஞரான பிரையன் மே இளைஞராக இருந்தபோது கச்சேரி முடிந்த பிறகு ரோரியிடமே போய் ‘இந்த ஒலி எப்படி வருகிறது’ என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு அவரும் ஏசி30ஐயும் ட்ரெபிள் பூஸ்டரையும் விட்டு விலகவே இல்லை.

ரேஞ்ச்மாஸ்டர் 1960களில் லண்டனில் செய்யப்பட்டது. இன்றைய பெடல்களைப் போலக் காலால் மிதிப்பதற்கானது இல்லை. ஆம்பின் தலையில் உட்கார்ந்திருக்கும். உள்ளே முக்கிய உறுப்புகள் எட்டுதான். ஒரு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர், 470 கிலோஓம், 68 கிலோஓம், 3.9 கிலோஓம் என மூன்று ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், ஒரு 10 கிலோஓம் வால்யூம். நுழைவாயிலில் உள்ள கெப்பாசிட்டர் 0.005 மைக்ரோஃபாரட் மட்டுமே. டிரான்சிஸ்டரின் நுழைவுத் தடை 10 கிலோஓம் அளவில்தான் இருப்பதால், ஏறத்தாழ 3 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி படிப்படியாகக் குறைந்துதான் உள்ளே போகும். அடித்தொனி மெலிந்து, நடுத்தொனியின் மேல்பகுதியும் உச்சமும் பெருகி ஆம்பின் முதல் வால்வை (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்) நெருக்கும். ஏசி30ன் நார்மல் சேனல் இயல்பாகவே மந்தமான தொனி உடையது. அந்த மந்தத்தின் மேல் இந்தக் கூர்மை ஏறும்போதுதான் மனிதக் குரல் போன்ற அந்த ஒலி பிறக்கிறது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அது வராது. முதலில் என் வீட்டு டிரான்சிஸ்டர் ஆம்பில் மாட்டிப் பார்த்தேன். தகரத்தில் ஆணி கீறியது போல இருந்தது. நண்பர் ஒருவரின் 15 வாட் வால்வு ஆம்ப், இரண்டு இஎல்84 வால்வு உள்ளது, கிடைத்த பிறகுதான் இந்த வேலைக்கே அர்த்தம் வந்தது.

எட்டு உறுப்புகளில் ஏழு அரை மணி நேரத்தில் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் கிடைத்துவிட்டன. எட்டாவதான ஜெர்மேனியம் டிரான்சிஸ்டருக்குத்தான் ஆறு வாரம்.

மூலப் பெட்டியில் இருந்தது ஓசி44. நம் ஊரில் அதைத் தேடுவதைவிட ஏசி128ஐத் தேடுவது நல்லது. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்த ஏசி127, ஏசி128 ஜோடிகள் ஒரு காலத்தில் இந்திய டிரான்சிஸ்டர் ரேடியோக்களின் ஒலிப் பகுதியில் நிறைய இருந்தன. அதில் ஏசி128, சிறு உலோகக் குப்பிக்குள் அடைத்த பி.என்.பி. வகை. ரிச்சி தெருவில் ஒரு கடையில் புத்தம் புதிதாக, எழுத்துகள் பளிச்சென்று அச்சான ஆறு ஏசி128 வாங்கினேன். வீட்டுக்கு வந்து மல்டிமீட்டரின் டயோடு நிலையில் வைத்துப் பார்த்தால் ஆறும் 0.6 வோல்ட்டுக்கு மேல் காட்டின. ஜெர்மேனியமாக இருந்தால் 0.2 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். பழைய பெயர் அச்சிட்ட சிலிக்கான் டிரான்சிஸ்டர்கள் அவை. இதை வாங்கப் போகிறவர்கள் மல்டிமீட்டரைக் கையோடு எடுத்துப் போங்கள்; கடை வாசலிலேயே பத்து நொடியில் தெரிந்துவிடும்.

அதன் பிறகுதான் அயனாவரத்தில் பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். எழுபது வயதைக் கடந்தவர். கடையை மூடிப் பல ஆண்டுகள் ஆகியும் பழுதான ரேடியோக்களிலிருந்து கழற்றிய உறுப்புகளை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். கிட்டாருக்கு எதற்கு ரேடியோ டிரான்சிஸ்டர் என்று அவர் கேட்கவில்லை. “தம்பி, எந்த இடத்தில் போடப் போகிறீர்கள்? முதல் நிலையா, கடைசி நிலையா?” என்று கேட்டார். முதல் நிலை என்றேன். “அப்படியென்றால் கசிவு, அதாவது தானாக ஒழுகும் மின்னோட்டம், பார்த்துத்தான் எடுக்க வேண்டும்” என்று முள் மீட்டர் ஒன்றை எடுத்துவந்து, ஒரு டிரான்சிஸ்டரை அதில் இணைத்து, குப்பியை இரண்டு விரலால் பிடித்தார். முள் மெதுவாக மேலே ஏறியது. கையை எடுத்தார், இறங்கத் தொடங்கியது.

“பார்த்தீர்களா, உங்கள் கைச்சூட்டுக்கே இவ்வளவு. ஜெர்மேனியம் குளிர்ச்சியாக இருக்கும்வரை நல்ல பிள்ளை. சூடு ஏறினால் சொன்ன பேச்சு கேட்காது.”

அந்தச் சொல்லை நான் அன்று சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. பதினான்கு டிரான்சிஸ்டர்களைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். பணம் கொடுக்கப்போனதற்கு, “முதலில் நல்லது எது என்று பாருங்கள், ஐயா” என்று மரியாதையை ஒரு படி ஏற்றி மறுத்துவிட்டார்.

சோதனை எளிது. டிரான்சிஸ்டருக்கு எமிட்டர், பேஸ், கலெக்டர் என மூன்று கால்; பேஸில் ஓடும் சிறு மின்னோட்டம் கலெக்டரில் பெருகி ஓடும். 9 வோல்ட் பேட்டரியின் எதிர்முனையிலிருந்து 2.47 கிலோஓம் வழியாகக் கலெக்டருக்கு ஓர் இணைப்பு, 2.2 கிலோஓமும் 270 ஓமும் தொடராகப் போட்டால் அந்த அளவு வந்துவிடும். எமிட்டர் நேர்முனைக்கு. பேஸை எதிலும் இணைக்காமல் அந்த 2.47 கிலோஓமின் குறுக்கே வரும் வோல்ட்டை அளந்தால் அது முழுக்கக் கசிவு. பிறகு எதிர்முனையிலிருந்து 2.2 மெகாஓம் வழியாகப் பேஸுக்கு மின்னோட்டம் கொடுத்து மறுபடி அளக்க வேண்டும். பேஸுக்குள் போவது சுமார் 4 மைக்ரோஆம்பியர் என்பதால், இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை நூறால் பெருக்கினால் உண்மையான பெருக்கம் கிடைத்துவிடும். சாதாரண மல்டிமீட்டரின் டிரான்சிஸ்டர் துளையில் செருகிப் பார்ப்பது ஜெர்மேனியத்துக்கு உதவாது. கசிவையும் பெருக்கத்தோடு சேர்த்துக் கூட்டிக் காட்டிவிடும்.

காலை 6 மணிக்கு, அறை 29 டிகிரியில் இருக்கும்போது அளந்தேன். தொட்டதும் விட்டு ஐந்து நிமிடம் காத்திருந்து அளக்க வேண்டியிருந்ததால் இரண்டு காலைகள் ஆயின. பதினான்கில் மூன்று செத்திருந்தன. மீதி பதினொன்றில் ஒன்று கசிவிலேயே 1.6 வோல்ட் காட்டியது. அதாவது பேஸுக்கு எதுவும் கொடுக்காமலே 650 மைக்ரோஆம்பியர் ஓடுகிறது. ஒன்றில் கசிவு 0.77 வோல்ட், பேஸ் இணைத்தால் 1.95, பெருக்கம் 118. இன்னொன்றில் கசிவு வெறும் 0.23, பேஸ் இணைத்தால் 1.07, பெருக்கம் 84. எண் பெரிதாக இருந்ததால் 118ஐ எடுத்தேன். பெருக்கம் மட்டும் பார்த்து எடுத்தது பிழை.

சால்டரிங் இல்லாமல் உறுப்புகளைச் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டில் இணைத்த முதல் மாலை நடந்ததை எழுதாமல் இருக்க முடியாது. கிட்டாரின் வால்யூமைக் குறைத்து வைத்துவிட்டு ஆம்பைத் திறந்தேன். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் செய்தி வாசித்தது. சில நொடி அசையாமல் கேட்டேன். சென்னை வானொலி. நீண்ட கம்பிகள் ஆண்டெனாவாக மாறி, டிரான்சிஸ்டரின் பேஸ் சந்தி டயோடு போல வேலை செய்து, மத்திய அலையைப் பிடித்து ஒலியாக்கித் தந்துகொண்டிருந்தது. எத்தனையோ வருடம் ஒரு வீட்டு ரேடியோவில் வேலை பார்த்து, டின்னுக்குள் தூங்கிக் கிடந்த அந்தச் சிறு குப்பி விழித்ததும் பழைய தொழிலையே செய்தது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன். பிறகு பேஸுக்கும் சுற்றின் தரைக்கும் (கிரவுண்ட்) நடுவே 220 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டேன். உறுப்புகளைச் சால்டர் செய்யும் டாட் போர்டுக்கு மாற்றியபோது கம்பிகளைக் குட்டையாக்கினேன். வார்ப்பு அலுமினியப் பெட்டிக்குள் அடைத்துப் பெட்டியைத் தரையோடு இணைத்தேன். வானொலி நின்றுவிட்டது.

சால்டரிங் செய்யும்போது ஜெர்மேனியத்தின் காலை மூக்குக் குறடால் பிடித்துக்கொள்ளுங்கள். சூடு குறடுக்குப் போய்விடும். நான் இன்னும் ஒரு படி மேலே போய் டிரான்சிஸ்டருக்குச் சாக்கெட் வைத்தேன். அந்த முன்யோசனை பின்னால் காப்பாற்றியது. பி.என்.பி. என்பதால் பேட்டரியின் நேர்முனைதான் தரை. மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் இதை மாட்டினால் மின்சாரம் குறுக்காகிவிடும், ஆகவே தனி 9 வோல்ட் பேட்டரி. எடுப்பது கால் மில்லிஆம்பியர் அளவே. கிட்டார் கேபிளைக் கழற்றினால் பேட்டரியும் அறுபடும்படி ஸ்டீரியோ ஜாக்கை நுழைவில் வைத்தேன். மாதக்கணக்கில் ஓடும். பெட்டியில் துளை போட்டது, ஜாக் பொருத்தியது பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தது பயாஸ், அதாவது வாசிக்காதபோது டிரான்சிஸ்டர் நிற்கும் வோல்ட் நிலை. கலெக்டரில் மைனஸ் 7 வோல்ட் வரும்படி வைக்க வேண்டும் என்பது இந்தச் சுற்றைச் செய்கிறவர்கள் எல்லோரும் அறிந்த எண். 9 வோல்ட்டின் சரிபாதியில் வைத்தால் அலையின் இரண்டு பக்கமும் சமமாக வெட்டுப்படும். 7ல் வைத்தால் ஒரு பக்கம் முதலில் முட்டும், மறுபக்கம் தாராளமாக ஓடும். கனமும் இனிமையும் அந்தச் சமமின்மையிலிருந்து வருகின்றன. 68 கிலோஓமுக்குப் பதில் 100 கிலோஓம் பிரீசெட் (திருகி அளவை மாற்றும் ரெசிஸ்டர்) போட்டுத் திருகினேன். 56 கிலோஓமுக்குச் சற்றுக் கீழே மைனஸ் 7.0 வந்தது. காலை 7 மணி. அறை 30 டிகிரி. வாசித்துப் பார்த்தேன். கிட்டாரின் வால்யூமை 6ல் வைத்தால் கண்ணாடி போலத் தெளிவு, 10க்கு ஏற்றினால் கதறல். இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு அரை எண்ணிலும் ஒரு புதிய குரல். வலது கையின் அழுத்தத்துக்கு இவ்வளவு உடனே பதில் சொல்லும் ஒன்றை நான் அதற்குமுன் வாசித்ததில்லை. ஏப்ரல் முழுக்க அதிகாலையில்தான் வாசித்தேன், அதனால் குறை எதுவும் கண்ணில் படவில்லை.

பிறகு மே மாதம், நண்பகல், முழுக் குழுவோடு முதல் பயிற்சி. ரோரி வைத்தது போலவே ஆம்பின் தலையில் பெட்டியை வைத்தேன். வால்வு ஆம்பின் காற்றுத் துவாரம் சரியாக அங்கேதான் இருக்கிறது.

அன்று மாலையே பெட்டியைத் திறந்து, கலெக்டரில் மீட்டரையும் பெட்டிக்குள் ஒரு சிறு வெப்பமானியின் முனையையும் வைத்து மறுபடி அதே இடத்தில் வைத்தேன். அரை மணி நேரத்தில் உள்ளே 61 டிகிரி. கலெக்டர் மைனஸ் 3.6க்கு வந்துவிட்டது. எமிட்டர் மைனஸ் 2.2. இரண்டுக்கும் நடுவே அலை ஆட இடம் 1.4 வோல்ட்தான். ஒலி அறுந்ததற்கான காரணம் கண்ணுக்கு முன்னால் எண்ணாக நின்றது. ஜெர்மேனியத்தின் கசிவு ஏறத்தாழ ஒவ்வொரு 8 முதல் 10 டிகிரிக்கும் இரட்டிப்பாகும். 30லிருந்து 61க்குப் போனால் ஏறத்தாழ ஒன்பது முதல் பதினைந்து மடங்காகிவிடும். அந்தக் கசிவு 470, 68 கிலோஓம் ஜோடியின் மேல் பாய்ந்து, பேஸின் வோல்ட்டை உயர்த்தி, டிரான்சிஸ்டரை அளவுக்கு மேல் திறந்துவிடுகிறது. அயனாவரத்து ஐயா விரலால் பிடித்துக் காட்டியதும் இதையேதான்.

அந்தச் சுற்றின் எண்களை எழுதியவர்கள் லண்டனில் உட்கார்ந்து எழுதினார்கள். அங்கே 20 டிகிரி அறையில், ஆம்பின் சூடு சேர்ந்தாலும் தாங்கும். நான் அந்த எண்களை ஏறத்தாழ அப்படியே கொண்டுவந்து நம் வெயிலில் வைத்துவிட்டேன். ஒலியை நகலெடுக்க வேண்டுமென்றால் எண்களை மாற்றியே ஆக வேண்டும்.

மூன்று மாற்றம் செய்தேன். முதலாவது, 118ஐக் கழற்றி 84ஐச் செருகினேன். சாக்கெட் இருந்ததால் ஒரு நிமிட வேலை. பெருக்கம் குறைந்ததால் ஒலியின் அளவு சற்றுக் குறைந்தது. வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினால் போதும். கசிவோ மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. இரண்டாவது, பேஸின் ரெசிஸ்டர் ஜோடியை ஏறத்தாழப் பாதியாக்கினேன்: 470க்குப் பதில் 220 கிலோஓம், 68க்குப் பதில் 33ஐ ஒட்டித் திருகிய 47 கிலோஓம் பிரீசெட். விகிதம் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் கசிவு பாயும் பாதையின் தடை பாதியாவதால் அது எழுப்பும் வோல்ட்டும் பாதியாகிறது. இதற்கு ஒரு விலை உண்டு. நுழைவுத் தடை கொஞ்சம் இறங்குவதால் ஒலி இன்னும் சற்று மெலியும். அதை ஈடுகட்ட நுழைவுக் கெப்பாசிட்டரை மாற்றினேன். கணக்குப்படி 0.0056 போதும். காதால் கேட்டு 0.0068 வைத்தேன், என் கிட்டாரின் பாலப் பக்கப் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் உறுப்பு) மெலிந்த தொனியுடையது, அதற்கு இந்தக் கூடுதல் உடம்பு தேவைப்பட்டது.

மூன்றாவது மாற்றம்தான் எனக்கு முக்கியம். பயாஸை நண்பகலில் வைத்தேன். மதியம் 2 மணி, மின்விசிறி ஓடும் அறை, 37 டிகிரி, மைனஸ் 6.7. மறுநாள் விடியலில் 29 டிகிரியில் அளந்தேன்: மைனஸ் 7.0. குளிர்சாதன வசதியுள்ள ஒலிப்பதிவு அறைக்கு எடுத்துப்போய் 23 டிகிரியில் அளந்தேன்: மைனஸ் 7.1. நாள் முழுக்க, ஊர் முழுக்க, வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் அடங்கிவிட்டது. வேண்டுமென்றே ஆம்பின் தலையில் மறுபடி வைத்துப் பார்த்தேன். 60 டிகிரியில் மைனஸ் 5.6. ஒலி தடித்து, கொஞ்சம் மங்கியது, ஆனால் சாகவில்லை. இருந்தாலும் அங்கே வைப்பதை விட்டுவிட்டேன். இப்போது தரையில், மின்விசிறிக் காற்று படும் இடத்தில், ஒரு மரப் பலகையின் மேல் இருக்கிறது.

அந்த ஒலிப்பதிவு அறையில் ஒரு மணி நேரம் பதிவும் செய்தோம். ஷூர் எஸ்எம்57 மைக் ஒன்றை ஸ்பீக்கர் துணியிலிருந்து இரண்டு விரல் தள்ளி, கூம்பின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்தி வைத்தோம். நடுவில் வைத்தால் பூஸ்டரின் கூர்மையும் மைக்கின் கூர்மையும் சேர்ந்து காதைக் குத்தியது. பதிவை எடுத்த ஒலிப்பொறியாளர் ஈக்வலைசரைத் தொடவே இல்லை. பேஸ் கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் இடம் விட்டு, கிட்டார் தானாகவே மேலே நின்றது. தனியாகக் கேட்டால் மெலிந்ததாகத் தோன்றும் ஒலி, குழுவுக்குள் போனதும் சரியான பருமனோடு நிற்கிறது. மூன்று பேர் கொண்ட குழுவில் ரோரி ஏன் இதை விடாமல் பிடித்திருந்தார் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது.

சென்ற வாரம் அயனாவரம் போனேன். பயன்படுத்திய ஒன்று, மாற்றுக்கு ஒன்று என இரண்டை வைத்துக்கொண்டு, வேலை செய்யும் மீதி ஒன்பதையும் தனித்தனித் தாளில் சுற்றி, ஒவ்வொன்றின் மேலும் கசிவு, பெருக்கம், அளந்த வெப்பநிலை மூன்றையும் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அந்த 650 மைக்ரோஆம்பியரும் அதில் இருந்தது. ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றொன்றாகப் படித்தார். கைப்பேசியில் பதிவைப் போட்டுக்காட்டினேன். முடியும்வரை கேட்டுவிட்டு, “பயாஸை எந்த நேரத்தில் வைத்தீர்கள்?” என்றார். நண்பகலில் என்றேன். தலையை ஆட்டினார். “மார்கழியில் ஒருதரம் பாருங்கள்.”

பிரீசெட்டின் மேல் நகப்பூச்சு வைத்து ஒட்டிவிடலாம் என்று இருந்தேன். டிசம்பர் வரை அதைத் திறந்தே வைத்திருக்கிறேன்.